மொட்டைத் தலைக்கு ஒரு ஹெல்மெட்

எனக்குச் சிங்கப்பூர் ராணுவ ஹெலிகாப்டர்ல வேலை. கதவோரம் உட்கார்ந்து கயிறு இறக்கி ஆளைத் தூக்கணும். அந்தச் சத்தம் சொல்லி மாளாது. போன வருஷக் காது டெஸ்ட்ல இடது காது தடுமாறிடுச்சு. "இன்னும் குறைஞ்சா பறக்க விடமாட்டோம்"னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மறு டெஸ்ட்டுக்கு முந்தி, "முருகா, பாஸ் பண்ணிவிடு, தைப்பூசத்துக்கு மொட்டை போடுறேன்"னு வேண்டிக்கிட்டேன். பாஸ் ஆயிட்டேன்.

சொன்ன சொல்லு மாறலாமா? சிராங்கூன் ரோடு கோயில்ல மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பால்குடத்தோட டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் நடந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு வேலைக்குப் போய் ஹெல்மெட்டை மாட்டினா, புருவத்துக்குக் கீழ இறங்குது. என் தலைக்குன்னே அளவெடுத்த ஹெல்மெட். சுருட்டை முடியையும் சேர்த்து அளந்தது அப்பத்தான் உறைச்சுது. அன்னைக்குப் பறந்தே ஆகணும்னு ஒரு வீம்பு. கைக்குட்டையை மடிச்சு உச்சியில வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

ஹெல்மெட் சரிபார்க்குற அக்கா வாசல்லயே மறிச்சாங்க.

"தலையை ஆட்டுங்க."

ஆட்டினேன். தலை திரும்புச்சு, ஹெல்மெட் திரும்பல. கைக்குட்டை மூக்கு மேல தொங்குச்சு.

"எங்கயாவது இடிச்சா இந்தக் கைக்குட்டையா மண்டையைத் தாங்கும்? காது மூடி கழுத்துக்கு வந்திருச்சு, சத்தம் பூரா உள்ள போகும் லா. எதுக்குங்க இந்த மொட்டை?"

"காது நல்லா இருக்கணும்னு வேண்டுதல்க்கா."

அக்கா நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. ஆனா கையெழுத்துப் போடல. என் இடத்துல வேற ஆள் பறந்துபோனான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. அவங்க பாட்டுக்குத் தடிமனான மெத்தை வச்சு, காது மூடியை மேல ஏத்தி, மறுபடி தலையை ஆட்டச் சொன்னாங்க. இந்தத் தடவை ரெண்டும் சேர்ந்தே திரும்புச்சு.

அதோட விட்டுதா? முடி வளர வளர ஹெல்மெட் இறுகுச்சு. மெத்தையை மாத்த ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அக்காகிட்ட போய் நின்னேன். "வாங்க பக்தரே"ன்னுதான் வரவேற்பு.

இந்த வருஷ டெஸ்ட் போன வாரம். சின்ன அறை, கதவைச் சாத்திட்டாங்க. கையில ஒரு பட்டன், காதுல சத்தம் கேட்டா அமுக்கணும். இடது காதுல ஒண்ணுமே கேக்கல. பழக்க தோஷம், "முருகா, பாஸ் ஆனா மொட்..."னு வாய் ஆரம்பிச்சிடுச்சு. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

"பால்குடம் மட்டும்"னு அவசரமா மாத்திச் சொல்லி முடிக்கறதுக்குள்ள, எங்கயோ தூரத்துல பீப்னு ஒரு சத்தம். பட்டனை அமுக்கினேன்.