கத்திச் சொன்னதும் மெல்லச் சொன்னதும்

எங்கள் தீவு ஆஸ்பத்திரி டொக்டர் கைராசிக்காரர். வாய்தான் நெருப்பு. சத்திரசிகிச்சை அறையில் யாராவது பேசினால் அவர் கையில் இருப்பது பறந்து வரும். நான் தாதியாக வந்த புதிதிலேயே ஓர் இடுக்கி என் புருவத்தைக் கிழித்தது. தழும்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. எல்லோரும் ஊமையாகிக் கண்ணாலும் கைச்சைகையாலும் வேலை செய்யப் பழகினோம்.

அறுபதுகளில் ஒரு மத்தியானம், வலை போடும் இடத்துக்காக வந்த சண்டையில் தம்பியொருவன் அண்ணனின் வயிற்றில் குத்திவிட்டான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். குத்தியவனே அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணைக்கு ஏதும் நடந்தால் நானும் இருக்கமாட்டன், மிஸ்ஸி" என்று என் காலைப் பிடித்தான். குத்திய கத்தி அவன் இடுப்பிலேயே இருந்தது. அதைப் பறிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் அண்ணன் உயிரோடு பண்ணைப் பாலம் தாண்டமாட்டான் என்று டொக்டர் உடனே வயிற்றைத் திறந்தார். நான் தலைமாட்டில் நின்று மயக்கத்துக்கு ஈதர் கொடுத்தேன். அதன் மணத்தில் தலை சுற்றும் என்பதால் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே தம்பி அழுதுகொண்டிருந்தான்.

திடீரென்று இரத்தம் கறுத்தது. நெஞ்சு அசையவில்லை. கண்ணைக் காட்டினேன், டொக்டர் நிமிரவில்லை. "ஐயா, மூச்சு..." என்றேன்.

"வாயைப் பொத்தும்!" கிண்ணமொன்று என் காதோரம் பறந்து சுவரில் மோதியது.

எனக்கு விசர் பிடித்துவிட்டது. அவர் கையில் ஓங்கி அடித்தேன். "மூச்சில்லை எண்டு சொல்லுறன்! செத்துப்போனான்! காது கேக்கேல்லையோ?" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன்.

அவர் கத்தியைப் போட்டுவிட்டு நெஞ்சை அமுக்கினார். நான் ஈதர் முகமூடியைப் பிடுங்கி எறிந்து, தாடையைத் தூக்கிக் காற்று ஊதினேன். கடைசியில் ஒரு விக்கல் போல மூச்சு திரும்பியது.

"வந்திட்டுது, ஐயா" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். அந்த அறையில் அதுதானே பழக்கம்.

"நல்லது, மிஸ்ஸி" என்றார் அவரும் மெல்ல.

வயிற்றைத் தைத்து முடித்தோம். வெளியே அழுகை ஓய்ந்திருந்தது. பாவம், களைத்துவிட்டான் என்று நினைத்தேன். நல்ல செய்தி சொல்லக் கதவைத் திறந்த சிற்றூழியர் அலறினார். ஜன்னலுக்குக் கீழே தம்பி அதே கத்தியோடு கிடந்தான். உடம்புச் சூடு ஆறத் தொடங்கியிருந்தது.

பொழுதுபடும் நேரம் அண்ணன் கண் விழித்தான். "தம்பி எங்கை? அவனிலை எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லுங்கோ."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன்.