நான்கு நிமிடம் பத்து விநாடி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பழைய படங்களையும் தொலைக்காட்சி நாடகங்களையும் வீட்டில் போட்டுப் பார்க்கும் வட்டுகளாக வெளியிடும் நிறுவனம் அது. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வட்டையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்து, எங்கே கோடு விழுகிறது, எங்கே ஒலி அறுந்துபோகிறது என்று படிவத்தில் எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தாள்.

"எவனோ எடுத்த படத்துல தூசி விழுந்தா இவளுக்குத் தெரியும். புருஷன் தலை நரைச்சது போன வாரம்தான் தெரிஞ்சுது" என்பார் பேருந்து ஓட்டும் கணவர். அவள் சிரிக்கமாட்டாள். உண்மையைச் சொன்னால் எதற்குச் சிரிக்க வேண்டும்?

கதையைப் பார்க்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். கதையில் விழுந்தால் கோடு கண்ணில் படாது. முதல் இரண்டு வருடம் அவள் விழுந்தாள், அழுதாள், திட்டு வாங்கினாள். பிறகு பழகிவிட்டது. திரையில் ஒருத்தி குழந்தையைப் பறிகொடுத்துக் கதறினால், அவள் கன்னத்தில் நிறம் பிசகியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

அப்படித்தான் அந்த நாடகமும் வந்தது. முப்பது வருடத்துக்கு முன் அரசுத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு முறை ஏழு வாரம் ஓடியது. போர்க்காலத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், வேறு மொழி பேசிய ஒரே குற்றத்துக்காக ஒரு மக்கள் கூட்டத்தையே மூன்று நாளில் கொன்று குழியில் தள்ளிய உண்மைச் சம்பவம். கொன்றவர்கள் அன்னியர் இல்லை, சொந்த அரசாங்கத்தின் ஆட்கள். அதனால்தான் மறுமுறை ஒளிபரப்பத் துணிச்சல் வரவில்லை. ஆட்சிகள் மாறி, குற்றவாளிகள் ஓய்வூதியம் வாங்கிச் செத்து, அவர்கள் பெயரில் தெருக்களும் வந்தபிறகு, இனி ஆபத்தில்லை என்று வட்டாக வெளியிட அனுமதித்தார்கள்.

ஆறாம் பாகத்தில் குழிக் காட்சி. நெடுக ஒரு கோடு விழுந்திருந்ததால் அதை ஐந்து முறை பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறைக்கு நடுவில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டாள். வெட்டி ஒட்டும் அறையிலிருந்து கத்திரி எட்டிப்பார்த்தான். படத்தொகுப்பாளனான அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான்.

"என்னக்கா, செத்தவங்களை இன்னும் சாக விடலையா?"

"கோடு போகலடா. நீ ஒழுங்கா சுத்தம் பண்ணிருந்தா நான் ஏன் இவங்களைத் திரும்பத் திரும்பக் கொல்லப்போறேன்?"

இருவரும் சிரித்தார்கள். இதில் மனசு கெட்டவர்கள் யாருமில்லை. தோல் தடித்துப்போனால் ஊசி குத்துவது தெரியாது.

பாகம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் அவள் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்வாள். நாள் முழுக்கத் திரை பார்ப்பதால் கண் வறண்டுபோகிறது, இரண்டு மணிக்கொருமுறை சொட்டுப் போட்டு ஐந்து நிமிடம் மூடியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பட்டியலில் பார்க்க என்ன இருக்கிறது? நடித்தவர், உடை தைத்தவர், விளக்குப் பிடித்தவர். கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் சோதிப்பாள். இசை சீராக ஓடினால் சரி.

ஏழாம் பாகத்தின் முடிவிலும் அப்படியே. இசை நின்றது. அதன்பின் சத்தமே இல்லை. பத்து விநாடிக்கு மேல் ஒலி இல்லையென்றால் பிழை என்பது விதி. மூடிய கண்ணோடு காத்திருந்தாள். வட்டு நின்றதும், ஒலி நின்ற நேரத்தை இயந்திரம் பதிந்துவைத்திருந்ததைப் பார்த்து எழுதினாள்: 'இறுதியில் வெற்று நாடா. நான்கு நிமிடம் பத்து விநாடி. நீக்கலாம்.' கத்திரி அவள் எழுத்தை நம்பி, ஓட்டிப் பார்க்காமலே நீக்கினான். பத்தொன்பது வருடமாக நம்பியவன். அட்டையில் 'முழுமையான பதிப்பு' என்று அச்சாகிக் கடைக்குப் போனது.

பதினைந்தாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வட்டில் குறையென்று யார் கூப்பிட்டாலும் அவளிடம்தான் கொடுப்பார்கள்.

"அம்மா, நான் பூட்டு ரிப்பேர் பண்றவன். உங்க நாடகம் வாங்கினேன். கடைசியில பேருங்க வரணுமே, வரலியே. என் வட்டு மட்டும் கெட்டுப்போச்சா?"

"நடிச்சவங்க பேரெல்லாம் வருதே ஐயா."

"நடிச்சவங்க இல்லம்மா. செத்தவங்க."

கிழவர் தானாகவே சொன்னார். நாடகம் எடுத்தவர் அந்த ஊரில் தப்பிப் பிழைத்த ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பெயர்களை எழுதி வாங்கியிருக்கிறார்.

"என் தங்கச்சி பேரையும் குடுத்தேன். ஆறு வயசு. ஊர்ப் பதிவேட்டை எரிச்சுட்டாங்க, கல்லறையும் கிடையாது. வேற எங்கயும் அவ பேர் இல்லம்மா. டிவியில வந்தப்ப பக்கத்து வீட்டுல போய்ப் பாத்தேன். நாடகம் முடிஞ்சுதுன்னு பாட்டு நின்னதும் அணைச்சுட்டாங்க. போடுங்கன்னு கேக்க வாய் வரல. இப்ப சொந்தமா வட்டு வாங்கிட்டேன், பாத்துடலாம்னு..."

மூல நாடாவை எடுத்து ஓட்டினாள். இசை நின்றபின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலேறின. பெயர், வயது. பெயர், வயது. நடுவில் ஓரிடத்தில் ஒரே குடும்பப் பெயரில் நால்வர், கடைசியாக ஆறு வயதில் கிழவரின் தங்கை. அழுகை வருமென்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. கண் எரிந்தது, அது மருந்து போடாததால்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், குரல் உயர்த்தமாட்டார்.

"நாலாயிரம் பெட்டி போயாச்சும்மா. மூல நாடாவிலயே இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கு நாடா தொலைக்காட்சி நிலையத்துக்குத் திரும்பிடும். அங்க யாரு ஓட்டிப் பாக்கப்போறா?"

"இருக்கு சார். பாத்தேன்."

"இத்தனை நாள் பாக்கலதானே? பாக்காத மாதிரியே இருந்துக்கங்க. பரிசோதகர் பிழைன்னு எழுதினா உங்களை அந்த நாற்காலியில உக்கார வைக்க முடியாது. விதி உங்களுக்கே தெரியும்."

கொல்ல ஒரு படை தேவைப்பட்டது. கொன்றதை இல்லாமலாக்க எப்போதும் ஒரு நல்ல மனிதரும் ஒரு படிவமும் போதும். அதே நாடகத்தின் மூன்றாம் பாகத்தில் ஓர் எழுத்தர் பதிவேட்டில் 'ஊரைவிட்டுச் சென்றனர்' என்று எழுதி மை உலர ஊதுவார். அந்தக் காட்சியில் அவள் குறித்துவைத்தது, அவர் சட்டைக் காலரில் ஒரு வெள்ளைப் புள்ளி.

படிவத்தை எடுத்தாள். 'பரிசோதகர் பிழை. இறந்தவர்களின் பெயர்கள் மூல நாடாவில் உள்ளன. நான் பார்க்காமல் நீக்கச் சொன்னேன்' என்று எழுதித் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் குறித்தாள். படிவம் கார்பன் வைத்த மூன்று தாள். மூன்றாவது தாள் நாடாப் பெட்டிக்குள் போக வேண்டும், அதுவும் விதிதான். அதைப் பெட்டியில் வைத்துத் தன் கையாலேயே ஒட்டினாள்.

நிலையத்தில் யாரோ ஒருவர் தாளைப் படித்திருக்கிறார். எதையும் வெட்டாமல் வெளியிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தைக் காட்டிக் கடிதம் வந்தது. ஏழாம் வட்டு மறுபடி அச்சானது. அவளைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"அங்கயாவது கண்ணுக்கு வேலை குறையும்" என்றார் கணவர். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அதற்குமேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

புது வட்டு தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டாமென்று பூட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். காலையிலேயே வந்துவிட்டார். வெளுத்த சட்டை, புது வேட்டி. கத்திரி தன் அறையைத் திறந்துவிட்டு, "உக்காருங்க பெரியவரே" என்று சொல்லி வெளியே போனான். வட்டைப் போட்டாள். பெயர்கள் மேலேறின. கிழவர் நாற்காலியை இழுத்து இழுத்துத் திரைக்கு முன்னால் கொண்டுபோனார்.

"நிறுத்தும்மா."

நிறுத்தினாள். எழுத்துகள் அப்படியே நின்றன. அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். வயதையும் படித்தார்.

"எழுத்துல தப்பு ஏதும் இருக்கா ஐயா?" வேறென்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா. சரியா எழுதியிருக்காங்க."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொதிப் பிரிவில் மணி அடித்தது. அவள் எழுந்துபோகவில்லை. கடைசியில் கிழவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"ஓட்டும்மா. மத்தவங்களும் இருக்காங்கல்ல."

அவள் விசையை அழுத்தினாள். எஞ்சிய பெயர்களை இருவரும் உட்கார்ந்து கடைசிவரை படித்தார்கள்.