குசினிக்குக் கொடுக்காத முட்டு

எங்கள் வீடு மஹய்யாவவில், மலைச்சரிவை வெட்டி எடுத்த இடத்தில் இருக்கிறது. குசினிக்குப் பின்னால், வெட்டிய மண்மேடு வரைக்கும் ஒரு பத்தடி நிலம். அதை முற்றம் என்று சொன்னால் முற்றத்துக்கே கோபம் வரும். பாசி, அட்டை, உடைந்த பீலி, தண்ணீர் தேங்கிய பழைய பீப்பாய். நாற்பது வருடம் நான் அதைப் பகலில் பார்த்ததே இல்லை. டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். படித்தது எட்டாம் வகுப்பு. மிச்சமெல்லாம் சேலை பார்க்க வந்த பெண்கள் வாயில் கேட்டதுதான். ஒவ்வொருத்தியும் ஒரு சேலையை எடுத்துப் போவாள், ஒரு பழமொழியை விட்டுப் போவாள்.

முழங்கால் விட்டுப்போய், கடை வேலையிலிருந்து நின்ற பிறகுதான் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். முற்றத்தைவிட முதலில் கண்ணில் பட்டது குசினிக் கூரையைத் தாங்கிய உத்திரம். கறையான் அரித்து மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே என் மனைவியின் அடுப்பு.

"தூள் விழுது, தூள் விழுதுன்னு மூணு வருஷமா சொல்றேன்," என்றாள். "நீங்க மிளகுத்தூள்னு நெனச்சு ரசத்தக் குடிச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒரு நாளைக்கு இது என் தலையிலதான் விழும்."

வத்தேகமவிலிருந்து ஒரு மேசன் பாஸை, கொத்தனாரை, கூட்டி வந்தேன். சிங்களவர், தோட்டப்பக்கம் வேலை செய்து தமிழ் பழகியவர். சுத்தியல் பிடியால் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார். வெறும் பிஸ்கட் டின் சத்தம் கேட்டது.

"மஹத்தயா, இது மரம் இல்ல. மரம் மாதிரி நிக்குது. மொதல்ல இத மாத்துவோம். முத்தம் எங்க ஓடப் போகுது?"

சரி என்றேன். ஓடு இறக்க நாளும் குறித்தோம். அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து மருமகள் ஆறு மாத வயிற்றோடு வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தாய் வீடு என்று சொல்ல ஆளில்லை, பிரசவம் எங்களிடம்தான். அவளைப் பார்க்கப் புசல்லாவையிலிருந்து என் அக்கா வந்தது. கூரையில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டது.

"ஏண்டா, ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? வகுத்துப் புள்ளக்காரி இருக்கிற வீட்டுல கூர பிரிப்பாங்களா? ஆணி அடிக்கப்படாது, குழி தோண்டப்படாது. புள்ளைக்கு ஆகாதுடா!"

எங்கள் ஆட்களில் இது எல்லாருக்கும் தெரிந்த விலக்கு. எனக்கும் தெரியும். அப்போ பின்பக்கம் என்று இழுத்தேன். அக்கா யோசித்துத் தீர்ப்புச் சொன்னது: "எறவானத்துக்கு அங்கிட்டு என்னத்தையும் செய்யி. இங்கிட்டுக் கை வைக்காத."

உண்மையைச் சொன்னால், அந்தச் சாக்கு எனக்கு இனித்தது. கூரை வேலை என்றால் கரி, தூசி, வீடெல்லாம் அலங்கோலம். முடிந்தாலும் யார் அண்ணாந்து பார்த்து மெச்சப்போகிறார்கள்? முற்றம் அப்படியா? பாசியைச் சுரண்டினேன், பீப்பாயை உருட்டிவிட்டேன். பாஸ் பழைய தரையைக் கொத்திப் புதுச் சீமெந்து போட்டார். மண்மேட்டின் ஓரத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டி, சிவப்புச் சாயம் பூசினோம். செவ்வந்தித் தொட்டி ஆறு வாங்கி வைத்தேன். அயல் வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "ஹோட்டல் மாதிரி இருக்கே!" என்றார்கள். கடையில் வாயாலேயே துணி விற்றவனுக்கு அது போதாதா?

"கூரை ஏறிக் கோழி பிடிக்காதவரு வானம் ஏறி வைகுண்டம் காட்டுறாரு," என்றாள் மனைவி. நான்கூடச் சிரித்தேன்.

வேலை முடிகிற சமயத்தில் பாஸ் தோளில் ஒரு பலாமரக் காலைச் சுமந்துகொண்டு வந்தார். அந்தக் காலின் தலைப்பில் அழகாக ஒரு வெட்டு. உத்திரம் வந்து உட்கார.

"கூரைய பிரிக்க வேணாம் மஹத்தயா. இத முட்டுக் குடுப்போம். தரையில ஒரு அடி குழி, கொஞ்சம் சீமெந்து. அரை நாள் வேலை."

"குழி தோண்டப்படாது பாஸ். புள்ள பிறக்கட்டும், நல்ல நாள் பாத்துச் செய்வோம்."

"எங்களுக்கும் நெகத் இருக்கு. நல்ல நேரம் பாக்காம அடுப்பும் பத்த வைக்கிறதில்ல. ஆனா மழைக்கு நெகத் இல்ல, மஹத்தயா."

மனைவி அகப்பையோடு வாசற்படிக்கு வந்தாள். "பாஸ் சொல்றதக் கேளுங்களேன். ஒரு குழிதானே."

மருமகளும் சொன்னாள்: "நான் வேணும்னா ஒரு நாலு நாள் புசல்லாவைக்குப் போயி ஒங்க அக்காகிட்ட இருக்கேன் மாமா. அதுக்குள்ள செஞ்சிருங்க."

வழி கையில் கிடைத்தது. நான்தான் தட்டிவிட்டேன். "ஒரு குழிக்காக வாயும் வயிறுமா இருக்கிற புள்ளய அந்த வளைவு ரோட்டுல பஸ்ஸுல ஏத்துவாங்களா?" என்று கேட்டேன். மனைவி அகப்பையோடு உள்ளே போனாள். என் பேச்சுக்கு எப்போதும் அந்தப் பலம் உண்டு.

பலாமரம் சும்மா கிடக்கிறதே என்று, அதை இரண்டாக அறுத்து முற்றத்துக்கு ஒரு பெஞ்சு செய்யச் சொன்னேன். பாஸ் அன்றைக்கே செய்துகொடுத்தார்.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். தீட்டுக் கழியட்டும் என்று ஒரு மாதம் விட்டேன். பிறகு ஆடி. ஆடி முடிய நாலு நாள் இருக்க, அக்கா செத்துப்போனது. ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் வேண்டாம் என்றார்கள். கூரையை மாற்றுவது நல்ல காரியமா என்று அவர்களைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பதினோரு நாள் விடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் வெறித்தது. நான் முற்றத்துக்கு வந்து பார்த்தேன். ஒரு சொட்டு தேங்கவில்லை. தண்ணீரெல்லாம் கானுக்குள் அழகாக ஓடியிருந்தது. "வந்து பாரு புள்ள!" என்று கூப்பிட்டேன்.

"ரொட்டி கருகிரும். இருங்க வாறேன்."

அடுத்து ஓடுகள் சரிகிற சத்தம். உத்திரம் நடுவில் முறிந்து, ஒரு பக்கக் கூரை முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. அவள் தலை தப்பியது. இடுப்பு தப்பவில்லை. நானும் அயல்வீட்டு ஆட்களும் ஓடுகளை அள்ளி வீசியபோது, சிவப்புச் சீமெந்தெல்லாம் கரியும் மண்ணும் ஆனது. புகைக்குள்ளிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்: "புள்ள எங்க?" பேத்தி முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். இனி நிற்க மாட்டா என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் பாஸ் குசினிக் கூரையை அநேகமாக மாற்றி முடித்திருந்தார். ஒன்பது நாள் வேலை. நல்ல நாள் யாரும் பார்க்கவில்லை. அக்காவின் வருடத் திதிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அவளைத் தூக்கிவந்து பெஞ்சில் உட்கார்த்தினோம். பாஸ் கடைசி ஓட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"நல்லாப் போடுங்க பாஸ்," என்றாள். "இனிமே அடியில நின்னு சமைக்கப்போறது அவரு."

பாஸ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இப்போது காலையில் நான்தான் தேத்தண்ணி ஊற்றுகிறேன். அவள் பகலெல்லாம் அந்தப் பெஞ்சில்தான். பெஞ்சின் கைப்பிடி, அறுத்த பலாமரத்தின் மேல்துண்டு. உத்திரத்துக்காகப் பாஸ் வெட்டிய வெட்டு அப்படியே இருக்கிறது. கோப்பையை நீட்டினால் வாங்கி, நாலு வாய் குடித்துவிட்டு அந்த வெட்டுக்குள் வைப்பாள். ஆடாமல் நிற்கும்.