எல்லாம் முதலில் அண்ணிக்கே

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டருக்கு அண்ணி உறை தைத்துப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த திரைச்சீலைத் துணி, வெள்ளையில் நீலப் பூ. திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, கீபோர்டுக்குச் சின்னதாக ஒன்று. காலையில் அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைப்பதை, சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்று பார்ப்பேன். பூசைக்கு முன்னால் பீடத்துத் துணியைச் சரிசெய்வதுபோல அத்தனை பக்குவமாகச் செய்வாள். அந்தப் பக்குவம் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு சுவிட்சைப் போடுவாள். உள்ளே ஏதோ முனகும், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரும், அப்பா தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். அதுவும் பிடிக்கவில்லை.

காக்ஸ் டவுனில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அம்மா நான் கல்லூரியில் இருந்தபோதே தவறிவிட்டார். அப்பா, அண்ணன், நான் என்று மூன்று பேர். தொண்ணூற்றொன்றில் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு அண்ணியைத் தங்கவயலிலிருந்து அழைத்து வந்தான். என்னைவிட ஒரு வயது பெரியவள். கணக்குப் பட்டதாரி. ஆனால் இங்கிலீஷ் பேச வேண்டி வந்தால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். அப்போது எனக்கு அவள்மேல் மிகுந்த பிரியம் இருந்தது. அந்த வீட்டில் இங்கிலீஷ் என்றால் நான், டைப்ரைட்டர் என்றால் நான். டைப்பிங் ஹையர் கிரேடு பரீட்சையில் டிஸ்டிங்ஷன் வாங்கி, ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். அப்பா எங்கள் மாதா கோயில் சங்கத்தின் செயலாளர். பேராயருக்கும், பஸ் நிறுத்தம் கேட்டு அதிகாரிகளுக்கும், ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர்களுக்கும் கடிதம் போய்க்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் நடந்துகொண்டே சொல்வார், நான் அடிப்பேன். என் விரல்களின் வேகத்துக்கு அவருடைய யோசனை ஈடுகொடுக்காது. “கொஞ்சம் இரும்மா, நான் இன்னும் அங்க வரல” என்பார். அந்த ஒரு சொல்லுக்காக வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

அண்ணி வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்று அண்ணன்தான் அவளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்தான். அது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. இங்கிலீஷ் பேசத் திணறியவள் அந்தப் பெட்டியிடம் திணறவில்லை. இரண்டு வருடத்தில் அண்ணன் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி, தெரிந்தவர் ஒருவரை வைத்துப் பூட்டி, ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். முன்னறையில் என் டைப்ரைட்டர் இருந்த மேஜைதான் அதற்கு வசதியாக இருந்தது. டைப்ரைட்டர் என் அறைக்குள் கட்டிலுக்குக் கீழே போயிற்று. யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை. மேஜை ஒன்றுதான் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் கடிதம் அதில் அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. பிரிண்டர் மரம் அறுப்பதுபோலக் கத்திக்கொண்டே காகிதத்தைத் தள்ளியது. அப்பா அதைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துகள் புள்ளிபுள்ளியாக, மங்கலாக, என் டைப்ரைட்டர் எழுத்துக்குக் கால்தூசி பெறாமல் இருந்தன. ஆனால் வலப்பக்க ஓரம், ஒவ்வொரு வரியும் ஒரே இடத்தில் முடிந்து, நேர்கோடாக நின்றது. “ஓரம் பாரு, கத்தியால வெட்டின மாதிரி” என்று அப்பா என்னிடமே காட்டினார். பிழை இருந்தால் முழுப்பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டாம் என்றும், அந்த எழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றும் எனக்கு விளக்கினார். அடுத்த நாள் ஆபீசில் சாப்பாட்டு வேளையில், ஒவ்வொரு வரியிலும் எழுத்துகளை எண்ணி, சொற்களுக்கு நடுவே இடம் கூட்டிக் குறைத்து, டைப்ரைட்டரில் வலது ஓரத்தை நேராகக் கொண்டுவரப் பார்த்தேன். வந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டவும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவர், “இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ கஷ்டம்? அவகிட்ட குடுத்திருந்தா தானா வந்துடுமே” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அண்ணி இரண்டு விரலால்தான் அடிப்பாள், எழுத்தைத் தேடித் தேடி. எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. பக்கத்தில் நின்று அந்தக் குத்தலைக் கேட்கும்போது, தள்ளு என்று சொல்லி உட்கார்ந்து அரை நிமிடத்தில் முடித்துக் கொடுக்கலாம் என்று கை துறுதுறுக்கும். “நீ வந்து அடியேன்” என்று அவளே பலமுறை கூப்பிட்டாள். தலைவலி என்பேன், துணி ஊறுகிறது என்பேன். 

பிறகு அவளுக்கு ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி பேஜர் கொடுத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு. ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் அது அவள் கைப்பையிலிருந்து கீச்சென்று கத்தியது. சாமியார் நிறுத்திவிட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணி முகம் சிவந்து, பைக்குள் கைவிட்டு அதை அமுக்கினாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் நினைத்ததோ வேறு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு நடுவில்கூடத் தேடும்படி யாருக்கு நான் வேண்டியிருக்கிறேன்? பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீசிலும் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார்கள், கற்றுக்கொள்ளாத டைப்பிஸ்ட் தேவைப்படமாட்டார் என்று பேச்சு வந்தது. வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. நான் பிரேசர் டவுனில் ஒரு மாடிப்படி ஏறி, அங்கிருந்த இன்ஸ்டிட்யூட்டில் சம்பளம் கட்டிச் சேர்ந்தேன். ஆபீஸ் விட்டு நேராக அங்கே போய்ப் படித்துவிட்டு, வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன். மவுஸை எப்படிப் பிடிப்பது, கோப்பை எங்கே சேமிப்பது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றேன். விரல்கள் ஏற்கெனவே பழகியவை, சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். ஆபீசில் என்னை வைத்துக்கொண்டார்கள். அண்ணி எனக்காக மைசூர்பாகு வாங்கிவந்தாள். எப்படிக் கற்றாய் என்று அவள் கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் அண்ணனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அதற்குள் அண்ணி கையில் பேஜர் போய், ஆண்டெனா வைத்த செல்போன் வந்திருந்தது. வேலையை விட்டு, போனைக் கம்பெனியில் ஒப்படைத்து, அவனோடு கிளம்பினாள். புறப்படும் நாளன்று கம்ப்யூட்டரின் உறையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, “இனிமே இது உன்னுது” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள்:

“பிரேசர் டவுன்ல நீ கத்துக்கிட்டதெல்லாம் இதுல ஓடாது. ரொம்பப் பழசு. அந்த இன்ஸ்டிட்யூட் சார் என்கூடப் படிச்சவர்தான். நீ சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டார்.”

அவளுக்கு எல்லா நாளும் தெரிந்திருக்கிறது. வேலை அதிகம் என்று நான் சொன்ன மாலைகளிலெல்லாம் எனக்குச் சோறு எடுத்து மூடிவைத்தவள் அவள்தான். நன்றி தோன்றியிருக்க வேண்டும். இந்தப் பெருந்தன்மையும் முதலில் அவளுக்கே கிடைத்துவிட்டதே என்றுதான் தோன்றியது. அவள் சொன்னது உண்மைதான். அந்தப் பச்சை எழுத்துப் பெட்டி என்னுடையதானபோது ஆபீசில் வண்ணத்திரையும் விண்டோஸும் வந்துவிட்டிருந்தன. பழைய சாமான்காரர்கூட அதை நிறுத்து எடுக்கத்தான் தயாராக இருந்தார்.

அதன்பிறகு அண்ணி ஈமெயிலாக வந்தாள். சனிக்கிழமைகளில் மசூதிப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், அவள் எழுதியதை அப்பாவுக்காக பிரிண்ட் எடுத்து வருவேன். படமும் அனுப்புவாள். லைன் அவ்வளவு மெதுவாக இருந்ததால் படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு கீற்றாக இறங்கும். முதலில் வெள்ளை வானம், பிறகு இலையில்லாத மரம், பிறகு கம்பளித் தொப்பி, அதன்பிறகுதான் அண்ணியின் முகம். பனியில் நிற்கிறாள். டிஜிட்டல் கேமராவாம், பிலிமே கிடையாதாம். அண்ணனிடம் லேப்டாப் இருக்கிறதாம், அடுப்படி மேடையில் வைத்துக்கூடப் பார்க்கலாமாம். அப்பா அந்தத் தாள்களை அடுக்கிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அவருக்குக் கடிதம் அடித்துக் கொடுப்பது இப்போது நான்தான், ஆபீஸ் கம்ப்யூட்டரில், லேசர் பிரிண்டரில். அதை மடித்து உறையில் போடுவார். யாரிடமும் காட்டியதில்லை.

அங்கே கம்பெனிகள் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தபோது அண்ணன் வேலையும் போயிற்று. இரண்டாயிரத்து இரண்டில் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். அண்ணன் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணி கொண்டுவந்த மடக்கு போன் இங்கே வேலை செய்யவில்லை. அதை அலமாரியில் வைத்துவிட்டாள். அப்போது என்னிடம் சொந்தமாக ஒரு செல்போன் இருந்தது, என் சம்பளத்தில் வாங்கியது. ஏற்றுமதிப் பிரிவு முழுக்க என் பொறுப்பில் இருந்ததால் அது அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூன்றாவதோ நான்காவதோ முறையாக அடித்தது. அண்ணி ரசம் ஊற்றிய கையோடு அதையே பார்த்தாள்.

“உனக்கு எவ்ளோ பேர் பண்றாங்க” என்றாள். “அங்க என் போன் அடிச்சா உங்க அண்ணனா இருக்கும். இல்லன்னா ராங் நம்பர்.”

நான் புரியாமல் பார்த்தேன். அப்போதுதான் சொன்னாள். அவள் போன விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. போன நாளிலிருந்து திரும்பிய நாள்வரை வீட்டில்தான் இருந்திருக்கிறாள். லேப்டாப் அண்ணனுடைய ஆபீசினுடையது, அவன் வந்த பிறகுதான் தொடலாம். கேமராவை வைத்துக்கொண்டு ஜன்னலையும் மரத்தையும் எடுத்துக்கொண்டிருந்தாளாம். “மாமாவுக்கு இதையெல்லாம் எழுத முடியுமா சொல்லு. அதான் கேமராவப் பத்தி எழுதினேன்.”

போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அந்நியமானது இல்லை. சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்ற என் பார்வை அது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னும் ஒருமுறை அடிக்கட்டும் என்று விட்டு, பிறகுதான் எடுத்தேன்.

சில வாரங்களில் ஒரு சனிக்கிழமை. சென்னைத் துறைமுகத்துக்கு லாரி சாயங்காலம் புறப்பட வேண்டும். எந்தப் பெட்டியில் எத்தனை சட்டை என்ற விவரம் இருந்த கோப்பில் யாரோ ஒரு வரிசையை அழித்துவிட, கூட்டுத்தொகைகளெல்லாம் தாறுமாறாகிவிட்டன. பழுது பார்ப்பவர் ஊரில் இல்லை. நான் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கலைந்தது. மேனேஜர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் வீட்டுக்குப் போன் செய்து, “அண்ணி, கொஞ்சம் வர முடியுமா?” என்றேன். அத்தனை வருடங்களில் அவளிடம் நான் கேட்ட முதல் உதவி அது.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். என் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் ஒரு தப்பு செய்தாள், அதை அழித்தாள். பிறகு தயங்கவில்லை. அதே இரண்டு விரல்கள். அழிந்த வரிசையைத் திரும்பப் போட்டு, கூட்டுத்தொகைகளைச் சரிசெய்து, இனி யாரும் தவறிக்கூட அழிக்க முடியாதபடி பூட்டியும் வைத்தாள். லாரி நேரத்துக்குப் புறப்பட்டது. அவளைச் சுற்றி ஆபீசே நின்றது. நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வந்தபோது மேனேஜர் இரண்டடி தள்ளி என்னை நிறுத்தி, தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

“யாரு ரீ இவங்க? நம்மகிட்ட வேலைக்கு வருவாங்களா?”

அண்ணி கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை, ஆனால் கீபோர்டின்மேல் விரல்கள் நின்றுவிட்டன. என்னுடைய இடம், என்னுடைய நாற்காலி, நான் வீட்டுக்கு வெளியே தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்ட ஒரே இடம். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

“என் அண்ணி சார். வருவாங்க. என்னைவிட நல்லாச் செய்வாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. உண்மையாக இருந்தது, அவ்வளவுதான். இன்று எங்கள் இருவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரி போன்தான், வீட்டுக்கு வரும் வேலைக்காரப் பெண்ணிடமும் அதேதான் இருக்கிறது. யாருக்கு முதலில் வந்தது என்று கேட்க ஆளில்லை. எனக்குத்தான் இன்னும் வரிசை மறக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை இருவரும் ஒன்றாக வேலைக்குப் புறப்பட்டோம். அப்பா கேட்வரை வந்து, பார்த்துப் போங்கம்மா என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். பஸ்ஸில் நல்ல கூட்டம். அல்சூர் ஏரிப்பக்கம் வந்ததும் ஜன்னலோரம் ஒருவர் எழுந்தார். அண்ணிதான் பக்கத்தில் நின்றிருந்தாள், உட்கார்ந்துவிட்டாள். என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஏரிக்காற்றில் முடி பறக்க வெளியே பார்த்தாள். நான் மேல்கம்பியைப் பிடித்தபடி, இறங்கும் இடம்வரை நின்றுகொண்டே போனேன்.