மாமி தெரிவு செய்த மாபிள்

மாபிள் பதிக்கும் தொழிலில் எனக்கு முழங்கால் தேயும், வீட்டுக்காரனுக்கு மூளை தேயும்.

கடைக்காரர் டைல்ஸ் என்பார். எங்கள் பக்கத்தில் எல்லாம் மாபிள்தான். மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை குனிந்தே பதித்தவன் நான். இடையில் நிமிர்ந்தபோது கண்டவற்றைச் சொல்கிறேன். வீட்டுக்கு மாபிள் போட்டு நொந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊர்களில் வீடு மகளுக்கு. கட்டுகிறவர் வாப்பா. குடிவருகிறவர் மருமகன். எந்த மாபிள் என்று தீர்மானிக்கிறவர் மருமகனின் உம்மா. கலியாணம் முடிந்தால், கட்டிய வாப்பாவும் அவர் மனைவியும் பின்னறைக்குப் போகவேண்டும்.

மருதமுனையில் ஹனீபாவின் வீட்டில் நடந்தது இது. ஹனீபா தறி வைத்துச் சாரன் நெய்பவர். ஒரே மகள் ஸப்னா. மாப்பிள்ளை சாய்ந்தமருது, வேலை கட்டாரில். அவருடைய உம்மாவின் பெயர் ஜெமீலா. இனி நடந்ததைக் கேளுங்கள்.

முகம் பார்க்கும் மாபிள்

கல்முனைக் கடைக்கு ஜெமீலா மூன்று பெண்களோடு வந்தார். ஹனீபாவும் வந்தார், வாசலில் நின்றார். உள்ளே அவருக்கு வேலை இருக்கவில்லை.

ஹோலுக்கு ஜெமீலா எடுத்தது பளபள வெள்ளை. ஒரு மாபிளை நிமிர்த்திப் பிடித்தார். அதில் முகம் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்தார். கடைப்பையன் நல்லவன், உண்மை சொல்லிவிட்டான். "ராத்தா, இது தண்ணி பட்டா வழுக்கும். வயசான ஆக்கள் இருந்தா கவனம்."

ஜெமீலா மாபிளை இறக்கவே இல்லை. "வழுக்கிறவங்க பார்த்து நடக்கட்டும் தம்பி. நீங்க மின்னுறதைப் பத்திக் கதைங்க."

கட்டாரிலிருந்து ஒரு கண்

மாப்பிள்ளைக்கும் காட்டவேண்டும் என்றார்கள். போனில் அழைத்தார்கள். போனில் வெள்ளை நீலமாகத் தெரியும், சாம்பல் பச்சையாகத் தெரியும். அதையெல்லாம் யாருக்குச் சொல்வது? ஒவ்வொரு மாபிளின் முன்னும் போனைப் பிடித்துக்கொண்டு ஹனீபாதான் நடந்தார், ஏதோ மரண வீட்டில் மையித்தின் முகம் காட்டுகிறவர் மாதிரி.

உம்மா எடுத்த வெள்ளையைக் கண்டதும் மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. நல்ல பிள்ளை, கபடமில்லை. "மாமா, இதையே எடுங்க. எங்கட கட்டிடம் முழுக்க இதுதான். காலையில இருந்து இரவு வரைக்கும் இதைத்தான் துடைக்கிறன், எனக்குத் தெரியாதா?"

கூட வந்த பெண்களில் ஒருத்தி மேலே விளக்கைப் பார்த்தாள். ஜெமீலா போனைப் பறித்து அணைத்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "அவரு துடைக்கிற இல்ல. துடைக்கிறவங்களைப் பார்த்துக்கிற."

தட்டிப் பார்த்த மாமன்

ஹோல், அறைகள், சமைக்கிற குசினி எல்லாம் பதித்து முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பார்வையிட வந்தார். கல்லு மோதிரம் போட்ட விரலை மடக்கி ஒவ்வொரு மாபிளாகத் தட்டினார். அடியில் சாந்து பிடிக்காவிட்டால் டொக்கென்று வெறும் சத்தம் கேட்கும். அது எனக்கும் தெரியும். அவர் ஹோல் முழுக்கத் தட்டினார், அறைகளைத் தட்டினார், குசினியைத் தட்டினார். ஹனீபா பின்னாலேயே குனிந்து போனார். ஸப்னா பிளேன்டீயோடு ஒரு மூலையில் நின்றாள். டீ ஆறிவிட்டது.

கடைசியில் குளியலறை மூலையில் ஒன்றைக் காட்டிக் கிளப்பச் சொன்னார். கிளப்பினேன். அடி முழுக்கச் சாந்து, ஈர்க்கிலை நுழைக்கவும் இடமில்லை. நல்ல மாபிள் ஒன்று உடைந்ததுதான் மிச்சம். "இதில் என்ன சத்தம் சரியில்லை?" என்றேன்.

அவர் டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "சத்தமெல்லாம் சரிதான் பாஸ். ஒரு குறையும் சொல்லாமப் போனா எங்கள மாப்பிள பகுதி என்டு ஆரு மதிக்கிற?"

உடைந்த துண்டுகள்

அன்று பின்னேரம் ஹனீபா என் பக்கத்தில் வந்து குந்தினார். உடைந்ததையும் வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் எறியவேண்டாம் என்றார். பின்னறைக்கு ஒட்டலாமா என்று கேட்டார், அதுவும் மெதுவாக, தன் வீட்டிலேயே திருடப் போகிறவர் மாதிரி.

போய்ப் பார்த்தேன். பள்ளமான நிலம். மாரி பிறந்தால் சீமெந்துத் தரை ஊறும், போட்ட பாய் நனையும். அவர் மனைவிக்குத் தொய்வு, படுத்தால் நெஞ்சு இழுக்கும். பூஞ்சணம் பிடிக்கும் என்று அந்த அறையில் ஹனீபா ஒரு சாரனைக்கூட அடுக்கியதில்லை. சாரன் வைக்கப் பயந்த இடத்துக்குத்தான் மனைவியைக் கூட்டிப்போகப் போகிறார்.

"துண்டு சரிவராது. ஈரம் இடுக்கால் ஏறும். வாசல் போட்டிக்கோவுக்கு இறக்கிய கரடு மாபிள் கிடக்குதே. வழுக்காது. இந்த அறைக்குக் காணும்" என்றேன். அவர் சொந்த அண்ணனின் கையைப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்துவிட்டார். "அதுல கை வச்சா கலியாணம் நிண்டிரும், காக்கா."

மறுநாள் ஜெமீலா வந்தபோது நானே கேட்டேன். வாசலை இப்போதைக்கு விட்டுப் பின்னறையைப் பதிப்போமா என்று. அவர் சிரித்தார். "பின்னுக்கு ஆரு காக்கா வந்து பார்க்கப் போறாங்க?"

வீடு யாருடைய பேரில்

கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று. நிக்காஹுக்கு முன் வீட்டை மகள் பேரில் எழுதவேண்டும். ஹனீபா எழுதிவிட்டார். எழுதியதன் அர்த்தத்தை யாரும் யோசிக்கவில்லை. கேட்டவர்களும் யோசிக்கவில்லை, கொடுத்தவரும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் போட்டிக்கோவில் மட்டம் பார்க்க நூல் கட்டிக்கொண்டிருந்தேன். ஸப்னா வந்து நின்றாள். இத்தனை நாளில் என்னோடு அவள் கதைத்தது "டீ மாமா" மட்டும். "நூலைக் கழட்டுங்க மாமா. பின்னறையைப் பதிங்க" என்றாள்.

"வாப்பா சொன்னாரா?"

"இல்ல."

"மாமி?"

"இல்ல. வீடு என்ட பேர்லதானே எழுதிக் கிடக்கு. அப்ப வீட்டுக்காரி சொல்லுறன்."

நான் நூலைக் கழற்றினேன். பெட்டிகளைப் பின்னுக்குக் காவினோம்.

வாசல் பார்க்க வந்தவர்

பின்னறை பதித்துக் காய்ந்த பிறகு ஜெமீலா வந்தார். தனியாக அல்ல, வாசல் காட்ட ஐந்தாறு பெண்களையும் கூட்டிக்கொண்டு. வாசல் மொட்டைச் சீமெந்தாகக் கிடந்தது. ஹனீபா தறிக்கொட்டிலுக்குள் போய்விட்டார். தறிச் சத்தம் கேட்கவில்லை, சும்மா நின்றிருப்பார்.

"ஆரு இந்த வேலை பார்த்த?" என்று ஜெமீலா என்னைக் கேட்டார். ஸப்னா பதில் சொன்னாள். "நான்தான், மாமி. வாசலை எல்லாரும் செருப்போட மிதிக்கிற. அந்த அறையில என்ட உம்மா தலை வச்சுப் படுக்கிற."

ஜெமீலா விறுவிறு என்று பின்னறைக்குப் போனார். கிளப்பச் சொல்லப் போகிறார் என்று நானும் பின்னால் போனேன். கூட வந்தவர்கள் முற்றத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெமீலா செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் நின்றார். காலைத் தேய்த்துப் பார்த்தார், வழுக்கவில்லை. குந்தி, உள்ளங்கையைத் தரையில் வைத்தார். காய்ந்த தரை. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு முற்றத்துக்குக் கேட்காத குரலில் கதைத்தார். "மூத்த மகளுக்குக் குடுத்த வீட்டுல எனக்கும் இப்புடி ஒரு பின்னறைதான், காக்கா. மாரிக்குக் காலைக் கீழ வைக்க ஏலாது, கட்டில்லயே இருக்கிற. இந்த மாபிள்ல ஏதும் மிச்சம் கிடக்குமா?"

கலியாணம் நடந்தது, போட்டிக்கோ இன்னும் சீமெந்துதான். ஆகவே மகளுக்கு மாபிள் பார்க்கப் போகும் வாப்பாமாரே, ஹோலை மாமிமார் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் முதலில் உங்கள் பின்னறையை அளந்துகொண்டு போங்கள்.