சுஜாதா வெட்டச் சொன்ன குழி

விடிந்ததிலிருந்து ராஜாராமால் உட்கார முடியவில்லை. கடல் பக்கம் கருமேகம் ஏறிக்கொண்டே வந்தது. மாமல்லபுரத்தில் அந்தப் பழைய லாட்ஜை இடிக்கத் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. கூரையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை இறக்கியாகிவிட்டது. சுவர்கள் பாதி நிற்கின்றன. வாசலை ஒட்டிப் போகும் மழைநீர்க் கால்வாய் நேராக உப்பங்கழியில் சேர்கிறது. இடித்த தூசியும் பெயிண்டும் அந்தக் கால்வாயில் இறங்காமல் பார்த்துக்கொள்வது சூப்பர்வைசரின் பொறுப்பு. சூப்பர்வைசர் வேறு யாருமல்ல, அவன் தங்கை சுஜாதா.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல் விளைவித்த குடும்பம். ராஜாராம் எட்டாவதோடு நின்று லோடு வண்டி ஓட்டப் போனான்; இங்கே இடிபாட்டை ஏற்றிப் போவதும் அவன் வண்டிதான். அவள் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தாள். முதல் நாள், ஷீட்டைச் சுத்தியலால் உடைக்கக் கூடாது, தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும் என்று அவள் சொன்னபோது ஆட்கள் சிரித்தார்கள். அவளே முகமூடி மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி இருபது போல்ட்டைக் கழற்றினாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இதை ராஜாராம் டீக்கடையில் சொல்லாத நாளில்லை.

வளாகத்துத் தண்ணீர் கால்வாயில் இறங்காதபடி வாசலில் மணல் மூட்டை அடுக்கும் வேலையை அவள் அவனிடம்தான் விட்டிருந்தாள். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து நாற்பத்திரண்டு மூட்டை கட்டினான். ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சு. செங்கல் வைப்பதுபோல இணைப்பு மாற்றி மாற்றி அடுக்கினான். இடையில் விரல் நுழையாது.

சுஜாதா வந்தாள். ஒரு மூட்டையைக் காலால் அழுத்தினாள். தையல் விட்டு, பச்சை பெயிண்ட் ஒட்டிய பூச்சுத் துண்டுகள் உதிர்ந்தன.

"ணா, இதுல இன்னா ரொப்பிக்கீற?"

"ரப்பிஷ்தான். உள்ள மலையாட்டம் கெடக்குதே."

இடிக்கிற தொழிலில் மண்ணை விலைக்கு வாங்குகிறவனுக்குத் தொழில் தெரியாது என்பார்கள். ராஜாராமும் அப்படியே பழகியவன்.

"எத்தத் தடுக்கணும்னு மூட்ட போடறமோ, அத்தயே கட்டி வாய்க்கா மேல வெச்சிக்கீற. ஒரு மழ பேஞ்சா டீ வடிகட்டற துணியாட்டம் எல்லாம் எறங்கிடும். அந்தப் பச்ச பெயிண்ட்ல ஈயம் கீதுணா. கழியில நண்டு புடிச்சித் துன்றாங்க."

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. "பூஞ்சேரிக்குப் போய் மணலு எடுத்துகினு வந்துடறேன்."

"நீ வர்ற வரிக்கும் மழ நிக்குமா?"

அவள் வளாகத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தாழ்வான மூலையில் லாட்ஜ்காரர்கள் செடி வைத்திருந்த இடம். அங்கே இடிபாடு விழவில்லை. ஜேசிபி ஓட்டுகிற ஜோயலைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"செவுத்த உடு, ஜோயல். அந்த மூலையில குழி வெட்டு. வர்ற மண்ணு மூட்டைக்கு. உள்ள பெய்யற தண்ணி குழிக்கு."

ஒப்பந்தக்காரர் தாமோதரன் ஓடி வந்தார். "இன்னாம்மா, செவுரு பாதில நிக்குது, நீ கெணறு வெட்டறியா? சொல்லியிருந்தா தேங்காய் ஒடச்சிருப்பேனே!"

"செவுரு ஓடாது சார். தண்ணி ஓடும்."

"நீ வேலைக்கு வந்தியா, என்னப் பேஜாரு பண்ண வந்தியா?"

"இன்னிக்கு ரெண்டும்தான் சார்."

"அண்ணாத்த, உன் தங்கச்சிக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

"இருவத்தொம்போது வருசமா சொல்லிகினு கீறேன் சார். நீங்களும் ஒருவாட்டி சொல்லிப் பாருங்க" என்றான் ராஜாராம். அவன் கை அதற்குள் முதல் மூட்டையைத் தூக்கிவிட்டது.

கெட்ட மூட்டைகளைத் தார்ப்பாயில் உருட்டி மூடினார்கள். குழி மண்ணைப் புதுச் சாக்கில் அள்ளினார்கள். பத்தொன்பதாவது மூட்டை கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. முப்பதாவதில் மழை கொட்டியது. கடைசிப் பன்னிரண்டை முடிச்சுப் போடாமலேயே வாயை மடக்கி வைத்தான். அதுவே அவனை அரித்தது.

வளாகத்துத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் சுழன்று குழிக்குள் இறங்கியது. ராஜாராம் வெளியே ஓடிக் குனிந்து கால்வாயைப் பார்த்தான்: தெருத் தண்ணீர், சருகு, ஒரு பேப்பர் கப். திரும்பி ஓடிக் குழியில் குச்சியை விட்டான். தண்ணீர் விளிம்பைத் தொட இன்னும் ஒரு சாண். மறுபடி கால்வாய். மறுபடி குழி. நான்கு விரல்.

"ஒரு எடத்துல நில்லுணா, எனக்கே தல சுத்துது" என்று கத்தினாள் சுஜாதா. ஆனால் அவளும் போனில், குழித் தண்ணீரை உறிஞ்ச வரச் சொன்ன டேங்கர்காரனிடம் மூன்றாவது முறையாக வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு விரல் பாக்கி இருக்கும்போது மழை விட்டது.

யாரும் கைதட்டவில்லை. டேங்கர் வந்து குழியை உறிஞ்சத் தொடங்கியதும், அவள் ராஜாராமின் லோடு வண்டிப் படியில் உட்கார்ந்து இன்ஜினியருக்கு அனுப்பும் அன்றாட அறிக்கையை எழுதினாள். ராஜாராம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தான். 'மூட்டைகளில் இடிபாட்டை நிரப்பியவர் ராஜாராம். நிரப்பும்போது சோதிக்காமல் விட்டவர் சுஜாதா.'

"உன் பேர எதுக்குப் போட்ட?"

"நான் வந்து பாத்திருக்கணும். பாக்கல."

"கூடப் பொறந்தவன்னு என் பேர வுட்டுட்டியோன்னு பாத்தேன்."

"வுடுவனா?"

அவன் சிரித்துவிட்டான். நாளைக்கு டீக்கடையில் சொல்ல வேறு கதை கிடைத்துவிட்டது. இதில் அவன் பெயரும் இருக்கிறது.

"நாளிக்கும் மழைன்றான்" என்றாள் அவள். "குழி பத்தாது."

"எவ்ளோ வேணும்?"

"இன்னும் மூணடி."

ராஜாராம் ஜோயலைத் தேடிப் போனான்.