இன்னும் கட்டாத சீதன வீடு

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்ட நான் சட்டம் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெண்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் பேருக்கு வீட்டை எழுதிய பிறகுதான் நிக்காஹ். இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு அதன் பின்பக்கத்தில் இருக்கிறோம். இளையவளுக்காக வாவிக்கரையில் எழும்பப்போகும் மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு பேசினோம். கட்டுகிறவர் வர்ணப் படம் ஒன்று தந்தார். காணியில் அத்திவாரம்கூட இல்லை. நானோ, கலியாணத்துக்கு முன் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதித் தருவதாக மாப்பிள்ளையின் உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பட்டணத்தில் உறுதி எழுதும் பெண் வக்கீலிடம் போனேன். லோயர் மிஸ் படத்தைப் பார்த்தார்.

"இல்லாத வீட்டுக்கு நான் உறுதி எழுத மாட்டன்."

கட்டடம் முடிந்து, ஒவ்வொரு வீட்டையும் தனியாகக் காட்டும் வரைபடம் பதிவான பிறகுதான் உறுதி எழுத முடியுமாம். அதுவரை, விற்பதாக ஓர் உடன்படிக்கை மட்டும் எழுதலாம். அதையும் தன்னைப் போல ஒரு நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடு எழுதிப் பதிய வேண்டும். முத்திரை ஒட்டிய கடிதம் போதும் என்று கட்டுகிறவர் சொன்னதைக் கேட்டிருந்தால், பிறகு வழக்கென்று வந்தால் கோட்டில் அது நின்றிருக்காதாம்.

கலியாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். மாப்பிள்ளையின் உம்மாவிடம், என் சம்மந்தியிடம், இதை எப்படிச் சொல்வது? என் முகத்தைப் பார்த்த மிஸ், கையெழுத்து வைக்கும் நாளில் அவரையும் கூட்டி வரச் சொன்னார்.

அன்று சம்மந்தி படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"வீடு வடிவாத்தான் இருக்கு. ஏறிப்போகப் படிதான் இல்ல," என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. மிஸ் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினார். எழுத முடியாது என்று சொன்னது தான்தான், என் மேல் பிழை இல்லை என்றும் சொன்னார். சம்மந்தி படத்தை மேசையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொய் உறுதிய வச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற? வீடு முடியுமட்டும் ரெண்டு பேரும் உங்கட பின்னறையில இருக்கட்டும். என்ட மகன் பாயில படுத்து வளந்தவன்தான்."

சாட்சிக்கு என் கூடப்பிறந்த மூத்த காக்கா மட்டும்தான் வந்திருந்தார். இன்னொருவரை எங்கே தேடுவது என்று மிஸ் கேட்டபோது, சம்மந்தி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"பேனையத் தாங்க."

மறுநாள் உடன்படிக்கையைப் பதிவுக்குக் கொடுத்தார்கள். நான் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.